அப்பாவின் நேர்த்திக்கடனை நான் உருண்டு அடைத்த கதை

அங்கப்பிரதட்சணம் என்றால் தரையில் படுத்து உருள்வதுதானே, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்போடு மந்திராலயம் போனவன் நான். முதல் பத்தடியிலேயே கோணிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினேன். என் பின்னால் உருண்டு வந்த பெரியவர், எப்படியும் எழுபதைத் தொட்டிருப்பார், கோடு கிழித்தாற்போல நேராக உருண்டு என்னைத் தாண்டிப் போனார். எழுந்து உட்கார்ந்தேன். ஈர வேட்டி, தலைச்சுற்றல், அதிகாலைக் குளிர். சற்றுத் தள்ளிக் கைத்தடியோடு நின்றிருந்த அப்பா, "இன்னும் ஒரு மூலைகூடத் திரும்பவில்லையே" என்றார்.

உருள வேண்டியவர் உண்மையில் அவர்தான்.

1991-இல் எனக்கு ஏழு வயது. டைபாய்டு காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா அப்போது பஸ் கண்டக்டர். சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் தடம். அந்த வழியில்தான் புவனகிரி இருக்கிறது. ராகவேந்திர சுவாமிகள் வேங்கடநாதன் என்ற பெயரோடு பிறந்த ஊர். பலரும் அவரை ஆந்திரத்து மகான் என்றோ கன்னட தேசத்து மகான் என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறந்தது வெள்ளாற்றங்கரையில், படித்தது கும்பகோணத்தில், 1621-இல் சந்நியாசம் வாங்கியது தஞ்சாவூரில். 1671-இல் உயிரோடு பிருந்தாவனத்துக்குள், அதாவது கல் சமாதிக்குள், அமர்ந்தது மட்டும்தான் துங்கபத்திரைக் கரையில் உள்ள மந்திராலயத்தில். ஒரு நாள் புவனகிரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, பையன் எழுந்து நடந்தால் மந்திராலயத்துக்கே வந்து உருள்கிறேன் என்று அப்பா மனதுக்குள் வேண்டிக்கொண்டாராம்.

நான் எழுந்து நடந்தேன். அப்பா போகவில்லை. ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்து அத்தை கல்யாணம். அதன் பிறகு வீடு கட்டியது, அம்மாவின் ஆபரேஷன், என் படிப்பு. சுவாமி பிறந்த ஊர் வழியாகத் தினமும் நாலு தடவை போய்வந்தவர், சுவாமி அமர்ந்த ஊருக்கு 34 வருஷம் போகவே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின், "எனக்கு ஒரு கடன் இருக்கிறது" என்றார். திடுக்கிட்டுப் போய், எந்த சொசைட்டியில் என்று கேட்டேன்.

அவருக்கு இப்போது வயது 74. ஓடுகிற பஸ்ஸில் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும், உருள்வது எங்கே? நான் உருள்கிறேன் என்று சொன்னேன். எத்தனை சுற்று என்று கேட்டதற்கு, "அங்கே வா, சொல்கிறேன்" என்று முடித்துவிட்டார்.

சென்னையிலிருந்து போவது எளிது. ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல் வழியாக மும்பை போகும் ரயில்களில் ஏறி, மந்திராலயம் ரோடு என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பெயரில்தான் மந்திராலயம். ஊர் அங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். மாலையில் ஏறினால் இருட்டு விலகுவதற்குள் வந்துவிடுகிறது. ரயில் அதிக நேரம் நிற்பதில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் ஆதோனி வந்ததுமே அவர்களை எழுப்பிவிடுவது நல்லது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். கடைசியில் அப்பாவின் ஒரு செருப்பு கீழ் பெர்த்துக்கு அடியில் எங்கோ போய்விட, அதை நான் தேட, கதவருகே அவர் தவிக்க, இறங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோக்கள் காத்திருக்கின்றன. அப்பாவுக்கு ஓய்வு பெற்ற பின்னும் கண்டக்டர் புத்தி போகவில்லை. தலைக்கு எவ்வளவு, சுமைக்குத் தனியா, எத்தனை பேர் ஏறினால் வண்டி கிளம்பும் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே விசாரித்தார். ஓட்டுநர் தெலுங்கில் பதில் சொன்னார். பேரம் படிந்தது. ஆட்டோ கிளம்பிய பிறகு, "பதினோரு பேர். ஓவர் லோடு" என்று என் காதில் சொன்னார்.

நான் செய்த பெரிய தப்பு கிழமையில். வியாழன் குருவுக்கு உகந்த நாள், நேர்த்திக்கடனை அன்றைக்கே செலுத்தினால் சிறப்பு என்று கணக்குப் போட்டு வியாழன் விடியலில் போய் இறங்கினேன். எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றாதா? கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு என்று நான்கு பக்கத்துக் கூட்டமும் அன்று அங்கேதான் இருந்தது. மடத்துக்குச் சொந்தமான விடுதிகள் நிறைய உண்டு. சுத்தமானவை, வாடகையும் குறைவு. ஆனால் வியாழக்கிழமை அறைகள் முன்பதிவிலேயே தீர்ந்துவிடுகின்றன. நான் பதிவு செய்யவில்லை. ஒரு தரகர் பின்னாலேயே வந்து எங்களைத் தனியார் விடுதி ஒன்றுக்கு அழைத்துப் போனார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆறு மணிக்கு வெந்நீர் வரும் என்றார்கள். காலை ஆறா மாலை ஆறா என்று நான் கேட்காமல் விட்டது என் தவறு. இரண்டுக்கும் வரவில்லை.

அப்பா ஒவ்வொரு மாடிப்படியிலும் நின்று நின்று ஏறினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முதியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். செவ்வாய், புதன் போல ஒரு சாதாரண நாளில் போனாலும் சுவாமி அங்கேதான் இருக்கிறார். ஆவணி வாக்கில் மூன்று நாள் ஆராதனை நடக்கும். பூர்வாராதனை, மத்தியாராதனை, உத்தராராதனை என்று ஊரே கோலாகலமாக இருக்குமாம். முழங்கால் வலிக்காரர்களோடு அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள் என்பேன்.

மடத்துக்குள் நுழைவதற்கு முன் மாஞ்சாலம்மனைக் கும்பிட வேண்டும். மந்திராலயத்தின் பழைய பெயர் மாஞ்சாலை. அந்தக் கிராமத்தின் காவல் தெய்வம் இவள். தன்னைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொள்ள, சுவாமி சம்மதித்தாராம். வெளியூர்க்காரர்கள் பலர் இது தெரியாமல் நேராக வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "எல்லைச்சாமியிடம் சொல்லாமல் ஊருக்குள் போகலாமா?" என்றார். எங்கள் பக்கத்து அய்யனாருக்கும் இதே சட்டம்தான்.

ஊர் கைமாறிய கதையையும் வரிசையில் நிற்கும்போது சொன்னார். ஆதோனியின் நவாபாக இருந்த சித்தி மசூத் கான், சுவாமியைச் சோதிக்க நினைத்து இறைச்சித் தட்டைத் துணியால் மூடி அனுப்பினார். சுவாமி கமண்டலத் தீர்த்தத்தைத் தெளித்துத் துணியை விலக்கினால் உள்ளே பழமும் பூவும். மசூத் கான் மனம் மாறி, வேண்டிய நிலத்தைக் கேளுங்கள் என்றார். சுவாமி கேட்டது தண்ணீர் வசதி கொண்ட செழிப்பான ஊர் எதையும் அல்ல, இந்த வறண்ட மாஞ்சாலையை. பிரகலாதன் யாகம் செய்த பூமி இது என்பதுதான் காரணம். பிரகலாதனே ராகவேந்திரராகப் பிறந்தார் என்பது நம்பிக்கை. அதனால்தான் தேரில் வலம் வரும் உற்சவருக்கும் பிரகலாத ராஜா என்று பெயர்.

வாசலில் ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்ற வேண்டும். வேட்டியும் ஒரு அங்கவஸ்திரமும் கொண்டுபோய்விட்டால் தொல்லை இல்லை. பணத்தை எங்கே வைப்பது என்று எல்லோரும் அந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள். இடுப்பில் கட்டும் சின்னத் துணிப்பை ஒன்று போதும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லையாதலால் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். என் போன் மடித்த சட்டைக்குள்ளிருந்து நழுவிக் கல்தரையில் விழுந்து, கண்ணாடி விரிசல் விட்டது.

சட்டையைக் கழற்றிய அப்பாவை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். இடது தோளில் இரண்டு விரல் அகலத்துக்குக் கருத்து, லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. கண்டக்டர் பையின் வார் அழுத்திய இடம். வேலையை விட்டு 16 வருஷம் ஆகிறது, தடம் போகவில்லை. வீட்டிலும் எப்போதும் பனியனோடு இருக்கிற மனிதர். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துண்டை எடுத்து அந்தத் தோளில் போட்டுக்கொண்டார்.

உள்ளே சுவாமிக்குச் சிலை எதுவும் கிடையாது. முதல் முறை போகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கல்லால் ஆன பிருந்தாவனம். அதற்குக் கவசம், மேலே மாலைகள். பக்கத்திலேயே இன்னொரு பிருந்தாவனம். அது பின்னால் வந்த பீடாதிபதி வாதீந்திர தீர்த்தருடையது. ஆதோனித் திவானாக இருந்த வெங்கண்ணா முதலில் ராகவேந்திரருக்கென்று செய்துவைத்த கல் அதுதான் என்கிறார்கள். சுவாமி அதை விட்டுவிட்டு, மாதவரத்திலிருந்து வேறொரு கல்லைக் கொண்டுவரச் சொன்னாராம். வனவாசத்தில் ராமர் உட்கார்ந்த பாறை அது. இந்த வெங்கண்ணா எழுதப்படிக்கத் தெரியாத மாடு மேய்க்கும் பையனாக இருந்து, சுவாமியின் அருளால் ஒரு கடிதத்தை வாசித்துத் திவான் ஆனவர். அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை இது. அவரும் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

பிருந்தாவனத்துக்கு முன் நாங்கள் நின்றது பத்து விநாடி இருக்கலாம். பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ளியது. அப்பா கைகூப்பக்கூட நேரம் கிடைக்கவில்லை. தடியை எந்தக் கையில் பிடிப்பது என்ற குழப்பத்திலேயே வெளியே வந்துவிட்டார். "பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "பூ தெரிந்தது" என்றார்.

அன்று உருளலாமா என்று விசாரிக்கப் போனேன். பிரதட்சண வழியில் கால் வைக்க இடமில்லை. தகவல் சொல்லும் இடத்தில் இருந்தவர் கன்னடக்காரர். ஊர் ஆந்திரத்தில் இருந்தாலும் மடத்துக்குள் கன்னடம்தான் ஓடுகிறது, கடைத்தெருவில் தெலுங்கு, இரண்டு இடத்திலும் தமிழைப் புரிந்துகொள்கிறார்கள். நாளை விடியற்காலை வாருங்கள், குளித்துவிட்டு ஈரத் துணியோடு வரவேண்டும், அதுவரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்றார். நேரம் அவ்வப்போது மாறுமாம், அதனால் எவரும் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. வேண்டிக்கொண்டது நான், உருள்வது மகன், கணக்கில் சேருமா? நான் அதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்டேன். அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் உருண்டால் என்ன, வழியை அடைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்" என்றார்.

அன்று மாலை தேர் பார்த்தோம். பிரகலாத ராஜர் விளக்கொளியில் வலம் வந்தார். அரை மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் திண்ணை ஓரமாக இடம் கிடைக்கிறது. அப்பா அங்கிருந்து அசையவில்லை. மூன்று தடவை தேர் அவரைக் கடந்தது. காலையில் பத்து விநாடியில் கிடைக்காதது அப்போது கிடைத்திருக்க வேண்டும். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வெள்ளி விடியற்காலை நாலரைக்கு ஆற்றுக்குப் போனோம். ஜனவரியில் துங்கபத்திரையில் தண்ணீர் குறைவு. பாறைகளுக்கு நடுவே தெளிவாக ஓடுகிறது. ஆழம் இல்லை என்று நம்பிக் கரையை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது. பாறைகளில் பாசி வழுக்குகிறது, இடையிடையே பள்ளங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் இது வேறு ஆறு. மேலே ஹொஸ்பேட்டைப் பக்கம் அணை இருக்கிறது, தண்ணீர் திறந்துவிட்டால் கரை வரை ஏறிவிடும். 2009 அக்டோபர் வெள்ளத்தில் ஆறு மடத்துக்குள்ளேயே புகுந்து ஊரை மூழ்கடித்தது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தன் கடைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். கை எட்டவில்லை, ஸ்டூலில் ஏறிக் காட்டினார்.

அப்பாவுக்கு ஆற்றுப்படி வேண்டாம் என்று குழாயடியில் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு, நான் மட்டும் ஆற்றில் முழுகினேன். பல் கிட்டியது. ஈர வேட்டியோடு மடத்துக்கு நடக்கும்போது நடுங்குவதைப் பார்த்துவிட்டு, வேங்கடநாதன் சந்தனம் அரைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சந்நியாசத்துக்கு முன்னால் மனைவி, குழந்தையோடு வறுமையில் இருந்த காலம். ஒரு வீட்டு விருந்தில் அவரைச் சும்மா உட்காரவைக்க மனமில்லாமல் சந்தனம் அரைக்கச் சொன்னார்கள். அவர் அக்னி சூக்தத்தைச் சொல்லிக்கொண்டே அரைத்தார். பூசிக்கொண்டவர்களுக்கெல்லாம் உடம்பு எரிந்தது. பிறகு வருண சூக்தம் சொல்லி அரைத்துக் கொடுத்ததும் எரிச்சல் அடங்கிக் குளிர்ந்தது. "உனக்கு இப்போது முதல் சூக்தம் வேண்டும்" என்றார் அப்பா. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு கம்பளி.

அதன் பிறகு நடந்தது, சுவரில் முட்டியது.

என்னைத் தாண்டிப் போன பெரியவர் தன் சுற்றை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ராய்ச்சூர்ப் பக்கத்து விவசாயி. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவராம். கன்னடத்தில் சொன்னதில் பாதி புரியவில்லை. மீதியைச் செய்தே காட்டினார். அன்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். கைகளைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு புரளலுக்கும் முழங்கை தரையில் இடிக்கும். தலைக்கு மேலே நீட்டிக் கூப்பிக்கொள்ள வேண்டும். அப்போது புஜங்கள் இரண்டும் தலைக்குத் தலையணை மாதிரி அணைகொடுக்கும். கால்கள் ஒட்டியிருக்க வேண்டும். தோளால் எம்பினால் சீக்கிரம் களைத்துவிடுவோம், இடுப்பை முதலில் திருப்பினால் தோள் தானாக வரும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது மூலையில் மானம் போகும். மோதிரம், கழுத்துச் சங்கிலி, இடுப்புச் சாவிக்கொத்து எதுவும் கூடாது. எனக்கு அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்து இடுப்பில் குத்திப் புண்ணாக்கியது.

கோணிப் போவதற்குக் காரணம் பின்னால்தான் விளங்கியது. மனித உடம்பு தோளில் அகலம், காலில் ஒடுக்கம். முள்ளங்கியைத் தரையில் உருட்டிப் பாருங்கள், நேராகவா போகிறது? பருத்த முனை அதிக தூரம் ஓடும், ஒல்லி முனை பின்தங்கும், மொத்தமும் வளையும். அதனால் காலருகே ஒரு ஆள் கூடவே வந்து, பின்தங்கும் பாதத்தை அவ்வப்போது தள்ளிச் சரிசெய்ய வேண்டும். தனியாக உருள்கிறவர்கள் நாலைந்து புரளலுக்கு ஒரு தடவை நிறுத்தித் தாங்களே நேராகிக்கொள்கிறார்கள்.

அப்பாவால் குனிய முடியாது. கைத்தடியின் ரப்பர் முனையால் என் பாதங்களைத் தள்ள ஆரம்பித்தார். இரண்டாவது முயற்சி ஒழுங்காகப் போனது. மூலை வரும்போது "ஹோல்டான்" என்றார். நான் நின்றேன். திருப்பிவிட்டு, "ரைட், ரைட், போகலாம்" என்றார். அவருக்கே தெரியாமல் வந்துவிட்ட வார்த்தைகள். எங்களுக்குப் பின்னால் அடிப்பிரதட்சணம் செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள், தமிழ்நாட்டுக்காரர் போலிருக்கிறது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார். ராய்ச்சூர்க்காரர் முன்னால் நின்றுகொண்டு "நிதானா, நிதானா" என்றார். மெதுவாக என்று அர்த்தம். நமக்கும் அதே சொல்தான் என்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதல் சுற்று முடிந்ததும் எழுந்து நின்றேன். நின்றிருக்கக் கூடாது. தூண்கள் எல்லாம் சுழன்றன. காதுக்குள் இருக்கும் திரவம் உருண்ட வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் நின்றாலும் அது உடனே நிற்காது. உட்கார்ந்து, தூரத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு போனதன் அருமை அப்போது புரிந்தது. காதுக்கோளாறு, கழுத்து எலும்புத் தேய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் இறங்காமல் அடிப்பிரதட்சணத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

"போதுமா?" என்று அப்பாவைப் பார்த்தேன். விரலை மடக்கி வைத்துக்கொண்டு, "ரைட்" என்றார். படுத்தேன். இரண்டாவது சுற்றில் குளிர் தெரியவில்லை. வடக்குப் பக்கத்துத் தரை மட்டும் ஏனோ மற்ற இடங்களைவிடச் சில்லிட்டிருந்தது. புரளும்போது ஒரு கணம் கூரை, ஒரு கணம் கல், ஒரு கணம் அப்பாவின் பாதம். வெடித்த குதிகால். பக்தி என்று சொல்லத்தக்கதாக எனக்குள் எதுவும் எழுந்ததாக நினைவில்லை. அந்தப் பாதம் எப்போது கண்ணில் படும் என்றுதான் ஒவ்வொரு புரளலிலும் எதிர்பார்த்தேன். இரண்டு முடிந்தது. மறுபடியும் "ரைட்." மூன்றாவது முடிந்தபோது தோள் இரண்டும் சிவந்து, முதுகில் ஒரு இடம் சிராய்த்திருந்தது. அப்போதுதான் "ஹோல்டான்" என்று சொல்லித் தன் துண்டை என் மேல் போட்டார். அவர் தோளின் பள்ளம் வெளியே தெரிந்தது. இந்த முறை மறைத்துக்கொள்ளவில்லை.

பிறகு கூட்டமில்லாத வரிசையில் போய்ப் பிருந்தாவனத்தின் முன் நிதானமாக நின்றோம். தள்ள ஆளில்லை. மந்திராட்சதை வாங்கி அப்பா வேட்டி முனையில் முடிந்துகொண்டார். பரிமள பிரசாதம் வாங்க நான் போனேன். ரவையும் சர்க்கரையும் ஏலக்காயுமாக மணக்கும் இனிப்பு, தொட்டாலே உதிர்கிறது. சுவாமிகள் எழுதிய உரைநூல் ஒன்றின் பெயர் பரிமளம், அதனால் அவருக்கே பரிமளாசாரியார் என்று ஒரு பெயர் உண்டு. ஊருக்கு வாங்கிப்போகிறவர்கள் கிளம்பும் நாள் காலையில் வாங்கிவிட வேண்டும். கடைசி நேரத்தில் நின்றால் வரிசை நீளம், ரயில் காத்திருக்காது. மதியம் மடத்திலேயே அன்னதானச் சாப்பாடு. சாறு என்று ஊற்றினார்கள், நம் ரசத்தின் ஒன்றுவிட்ட தம்பி. உருண்டு வந்த வயிற்றுக்கு அது தேவாமிர்தம்.

பிற்பகல் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு பஞ்சமுகி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். ஆற்றைத் தாண்டினால் கர்நாடகம். சுவாமிகள் பன்னிரண்டு வருஷம் தவம் செய்த இடம் என்கிறார்கள். குவிந்து கிடக்கும் பாறைகளுக்கு நடுவே கோயில். அனுமாருக்கு ராட்சத அளவில் செருப்பு செய்து வைத்திருக்கிறார்கள். இரவில் அவர் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார், அதனால் தேய்கிறது என்பது ஐதீகம். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "தேய்ந்தால் மாற்றிக் கொடுக்கிறார்கள், பார்" என்றார். தன் முழங்காலைச் சொன்னாரா, ரயிலில் படுத்திய செருப்பைச் சொன்னாரா, தெரியவில்லை.

நேரம் இருந்தால் பிச்சாலைக்கும் போயிருக்க வேண்டும். சுவாமிகளின் சீடர் அப்பண்ணாசாரியாரின் ஊர், அதுவும் அக்கரையில்தான். குரு பிருந்தாவனத்துக்குள் போகும் நேரத்தில் அவர் ஊரில் இல்லை. செய்தி கேட்டுப் பெருகி ஓடும் ஆற்றைத் தோத்திரம் சொல்லிக்கொண்டே கடந்து வந்து சேர்ந்தார். அதற்குள் கடைசிக் கல் மூடப்பட்டுவிட்டது. அழுகையில் தொண்டை அடைத்து, தோத்திரத்தின் கடைசி அடியை முடிக்க முடியாமல் நின்றார். மிச்சமிருந்த சொற்கள் பிருந்தாவனத்துக்குள்ளிருந்து வந்தன. இன்றும் தோத்திரம் அந்தச் சொற்களோடுதான் முடிகிறது. தாமதமாக வந்தவருக்கும் மிச்சம் வைத்திருந்தார் என்பதை அப்பா ஆட்டோவில் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, பிச்சாலை அடுத்த முறைக்கு என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

இரவு நிலையத்தில் ரயில் தாமதம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதுகுச் சிராய்ப்பு சட்டையில் உராய்ந்து எரிந்தது. அப்பா பிரசாதப் பொட்டலங்களை எண்ணி, எந்த வீட்டுக்கு எத்தனை என்று பிரித்துக்கொண்டிருந்தார். நினைவு வந்து கேட்டேன்.

"நீங்கள் வேண்டிக்கொண்டது மூன்று சுற்றா?"

"ஒன்று."

"ஒன்றா? பிறகு எதற்கு என்னை மூன்று சுற்ற விட்டீர்கள்?"

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"அசலுக்கு ஒன்று. 34 வருஷத்து வட்டிக்கு இரண்டு" என்றார். "சொசைட்டியாக இருந்தால் இன்னும் அதிகம் கேட்டிருப்பான்."